அச்சும் பாடமும்
பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவன்

மீன் பிடிக்கும் ரப்பர் தவளையைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் எழுதுவதா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். கவிதை எழுதத் தெரியாதவன் தவளையைப் பிடித்துக்கொண்டான் என்றும் சொல்லக்கூடும். சொல்லட்டும். தவளையிலே தொடங்கினாலும் நான் சொல்ல வந்தது நம் ஆய்வுக்கூடத்தைப் பற்றியது. நம்மில் பலருடைய தந்தையரைப் பற்றியதும் கூட. ஆகவே விரிவுரையாளப் பெருமக்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

நொய்யலை நம்பி வெட்டப்பட்ட குளங்கள் நம் கோவையைச் சுற்றி நிறைய உண்டு. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர் குளம், சூலூர்க் குளம் என்று பெயர்கள் நீளும். அவற்றில் ஜிலேபி மீனும் கெண்டையும் போக விராலும் கிடைக்கிறது. விரால் புழுவுக்கு அவ்வளவாக மயங்காது, தவளைக்கு மயங்கும். எங்கள் பக்கத்து இளைஞர்கள் விரால் பிடிக்க உயிருள்ள தவளையின் முதுகில் தூண்டில் முள்ளைக் கோத்துத் தண்ணீரில் விடுவார்கள். அது துடித்து நீந்த வேண்டும். அந்தத் துடிப்புத்தான் இரை. ஒருமுறை பார்த்தேன். மறுமுறை பார்க்க மனம் வரவில்லை.

வயலில் பூச்சியைத் தின்று உழவனுக்கு உதவுவது தவளை. மேல்நாட்டார் தின்பதற்காக அதன் காலை வெட்டி ஏற்றுமதி செய்துவந்ததை இந்திய அரசு 1987இல் தடை செய்தது. காலை வெட்டுவது கூடாது, முதுகில் முள்ளைக் கோக்கலாம் என்பது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

கடையில் ரப்பர் தவளை விற்கிறார்கள். உள்ளே கூடாக இருக்கும். இரட்டை முள் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். மீன் கவ்வும்போது உடல் அமுங்கி முள் வெளியே வரும். நல்ல கற்பனை. ஆனால் அதன் விலை, ஆகாயத்தாமரையில் இரண்டைத் தொலைத்தவனுக்குத்தான் தெரியும். எங்கள் தெருவில் இரு சக்கர வாகனப் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், “நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிறே? ஒண்ணு பண்ணிக் குடு தம்பி, பாக்கலாம்” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒன்றரை ஆண்டு வேதியியல் படித்தும், கையால் எதையேனும் செய்து காட்டியதுண்டா நான்?

பாரிஸ் சாந்தைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஜிப்சம் என்பது இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் சல்பேட்டு. அதை 120 டிகிரி அளவில் சூடாக்கினால் ஒன்றரை நீரை இழந்து அரை நீரோடு நிற்கும். அதுவே பாரிஸ் சாந்து. பாரிசின் மோன்மார்த்தர் குன்றில் ஜிப்சம் வெட்டியதால் அந்தப் பெயர் வந்தது. நீர் சேர்த்தால் இழந்த நீரைத் திரும்பப் பெற்று, சூடேறி, சற்று விரிந்து கல்லாகும். விரிவதால்தான் அச்சின் மூலை முடுக்கெல்லாம் புகுந்து மயிரிழைக் கோட்டையும் பதித்துக்கொள்கிறது. இரண்டு மதிப்பெண் வினா. முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த மாவைக் கையால் தொட்டது இருபதாம் வயதில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான். கடலைக் காட்டில் மண் அணைக்கும்போது ஜிப்சம் மூட்டையை அவிழ்த்து வீசிய என் பாட்டிக்கு, அந்தப் பொருளோடு என்னைவிட நெருங்கிய பழக்கம் இருந்திருக்கிறது!

பேட்டன் பட்டறையில் மிஞ்சிய தேக்குத் துண்டு ஒன்றில் தவளையைச் செதுக்கினேன். இரண்டு கண், மடக்கிய பின்னங்கால், பிளந்த வாய், எல்லாம் தத்ரூபம். வாசலின் தடவி, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துச் சாந்தை ஊற்றினேன். கல்லானது. தவளையை எடுக்கப் போனேன், வரவில்லை. நெம்பினேன், கால் ஒடிந்தது. சுத்தியலால் தட்டினேன், அச்சு இரண்டாகப் பிளந்தது.

அப்போதுதான் என் அப்பா வேலை முடிந்து மாடிக்கு வந்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் வார்ப்படத் தொழிற்சாலையில் மோல்டர். மண்பெட்டியில் பேட்டனை வைத்து மணலைக் குத்தி, பம்பு உறைக்கும் மோட்டார் உறைக்கும் அச்சு எடுப்பவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஒடிந்த தவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன கண்ணு இது, பேட்டன்ல சரிவே இல்லியே? காலு உள்ளார மடங்கி நிக்குது. எப்பிடி வெளிய வரும்?”

நேராகத் தூக்கினால் எங்கும் இடிக்காமல் வெளிவரும் வகையில் பேட்டனின் பக்கங்கள் மேல்நோக்கி விரிய வேண்டும். மோல்டர்களுக்கு இது அரிச்சுவடி. உள்ளே மடங்கிய இடம் ஒன்று இருந்தாலும் அச்சு அதைப் பிடித்துக்கொள்ளும். அப்பா ஓர் ஆணியால் தவளையின் இடுப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டார். “இதுக்கு மேல ஒரு பெட்டி, கீழ ஒரு பெட்டி. கோட்டுக்குக் கீழ எதுவும் வெளிய துருத்தப்படாது.” அவ்வளவுதான் பாடம். மறுநாள் அந்தக் கோடு வரைக்கும் தவளையைக் களிமண்ணில் புதைத்து மேல் பாதியை வார்த்தேன். அதன் ஓரத்தில் நான்கு சிறு குழிகளைத் தோண்டச் சொன்னார். இரண்டாம் பாதியை அதன்மேல் ஊற்றும்போது அக்குழிகளில் முளைகள் உருவாகி, இரு பாதியும் பிசகாமல் பொருந்தும். சாந்து சாந்தோடு ஒட்டாதிருக்க இடையே சோப்புக் கரைசல் பூச வேண்டும் என்பதை மட்டும் நான் சொன்னேன். “நாங்க பார்ட்டிங் மணலு தூவுவோம், அதுமாதிரிதான்” என்றார்.

கலக்கும் முறையையும் கற்றேன். மாவின்மேல் நீரை ஊற்றக்கூடாது. நீரின்மேல் மாவைத் தூவி, ஊறவிட்டு, குமிழி எழாமல் மெல்லக் கலக்க வேண்டும். நூறு கிராம் மாவுக்கு எழுபது கிராம் நீர் வைத்தேன். சமன்பாட்டின்படி கணக்கிட்டால் நூறு கிராமுக்குப் பத்தொன்பது கிராமுக்கும் குறைவான நீரே தேவை. அவ்வளவு குறைத்தால் மாவு பிசையக்கூட வராது. மிச்ச நீர் வேதிவினையில் சேருவதில்லை; காயும்போது ஆவியாகி, நின்ற இடத்தில் நுண்துளையை விட்டுச் செல்கிறது.

இந்த நுண்துளைதான் என் தவளைக்கு உயிர் கொடுத்தது. ரப்பர் பால் என்பது நீரில் மிதக்கும் ரப்பர் துகள்கள். கெடாதிருக்க அமோனியா சேர்த்திருப்பார்கள். முன்பே கந்தகம் ஏற்றிய பாலை வாங்கினேன். அதைக் காய்ந்த அச்சில் நிரப்பினால், சாந்து தன் துளைகளால் நீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரை ஒட்டி ரப்பர் தோல் படிகிறது. இருபது நிமிடம் கழித்து மீதிப் பாலைத் திருப்பி ஊற்றிவிட்டால் உள்ளே கூடான தவளை மிச்சம். அச்சின் உட்புறம் எண்ணெயோ வாசலினோ தங்கியிருந்தால் துளை அடைபட்டுத் தோல் படியாது. அன்று மாலை முகப்பவுடரைத் தூவி அந்த முதல் தவளையை உரித்தெடுத்தபோது, நுழைவுத் தேர்வில் தேறியவன் போல மாடியில் குதித்தேன்.

ஏன் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றவில்லை என்று கேட்கலாம். யூடியூபில் அப்படித்தான் காட்டுகிறார்கள். பி.வி.சி. சற்றே கூடுதலாகச் சூடேறினாலும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கிளம்பும் என்பது நம் பாடத்தில் உள்ளது. அம்மா சமைக்கும் அடுப்பில் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

ஆனால் வேறொன்றில் துணிந்துவிட்டேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

தவளை நிமிர்ந்து மிதக்க வயிற்றில் சிறு எடை வேண்டும். ஈயத்துக்கு உருகுநிலை 327 டிகிரி; கரியடுப்பிலேயே உருகும். பழைய ஈயத் துண்டுகளைச் சேர்த்து, குண்டு வார்க்கத் தனியாக ஒரு சாந்து அச்சும் செய்தேன். ஈர அச்சில் உருகிய உலோகத்தை ஊற்றினால் நீராவி வெடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் கற்ற முறையைக் கையாண்டேன். அச்சை நாள்தோறும் வெயிலில் வைத்து, மாலையில் மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன். நான்கு நாள் எடை மாறவில்லை. மாறா எடை! எடையறி பகுப்பாய்வில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

“காஞ்சிருச்சுங்கப்பா. நாலு நாளா எடை மாறலீங்க.”

“கடைத் தராசு சொன்னாப் போதுமா? ஈயம் ஒத்துக்கோணுமல்ல?” என்றார் அப்பா. என்னைப் பின்னால் தள்ளி நிறுத்தினார். புது அச்சு என்றால் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது என்பது அவருடைய சட்டம். நீண்ட கரண்டியில் எடுத்து ஒரு சொட்டு விட்டார். சொட்டு உட்காரவில்லை. உறுமிற்று, கொதித்தது, குதித்து வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. என் முகம் இருந்திருக்க வேண்டிய உயரத்தில்.

அன்றிரவு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். ஜிப்சத்தின் மூலக்கூறு எடை 172. அதில் நீர் 36. அதாவது, வெயிலில் எத்தனை நாள் காய்ந்தாலும் அந்த அச்சின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீர்தான்! வெயில் போக்கியது ஈரத்தை மட்டுமே. படிகத்தோடு பிணைந்த நீர் அப்படியே இருந்தது. 327 டிகிரி ஈயம் பட்டதும் அது ஆவியாகிக் கிளம்பியது. பாரிஸ் சாந்து எப்படிக் கிடைக்கிறது என்ற அதே சமன்பாடு. பரீட்சையில் பிழையின்றி எழுதிய சமன்பாடு. அதைக் கையில் வைத்துக்கொண்டே என் கண்ணை இழக்க இருந்தேன். அந்தச் சமன்பாட்டைக் கேட்டே இராத ஒருவர் என்னைக் காப்பாற்றினார்.

மறுநாள் கணக்கைச் சொன்னபோது அப்பா கூர்ந்து கேட்டார். பிறகு நான் ஒரு சந்தேகம் கேட்டேன்: மோல்டிங் மணலிலும் ஈரம் இருக்கிறதே, அதில் 1,300 டிகிரிக்கு மேற்பட்ட இரும்பை ஊற்றுகிறீர்களே, அது ஏன் வெடிப்பதில்லை?

“மண்ணு மூச்சு உடும் கண்ணு. அதுக்குத்தான கம்பியில காத்துக் குத்து குத்தறோம். ஈரம் கூடிப்போனா அதுவும் ஊதும். புளோ ஹோல் உளுந்து காஸ்டிங்கு சல்லடையாட்டம் ஆயிரும். இது கல்லாட்டம் கெடக்குது, மூச்சு எங்க உடும்?”

சாந்தின் துளைகள் நீரை மெல்ல உறிஞ்சப் போதும். கணத்தில் கிளம்பும் ஆவியை வெளியேற்றப் போதா. மணலுக்கு அந்த வழி உண்டு. நான் அறிந்திருந்தது நீர் எங்கே இருக்கிறது என்பது. அவர் அறிந்திருந்தது அது எப்படி வெளியேறும் என்பது. அவர் முழங்கையில் பழைய இரும்புத் தெறிப்பின் தழும்பு ஒன்று உண்டு. சிறுவயதில் அதைத் தடவி விளையாடியிருக்கிறேன். எதனால் வந்தது என்று அன்றுதான் கேட்டேன். ஈரம் மிகுந்த ஒரு பெட்டி என்றார், மேலே சொல்லவில்லை.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கல்லூரியில் சேரும்போது நிரப்பிய விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் நான் ‘தனியார் பணி’ என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால் மோல்டர் என்று எழுதக் கை வரவில்லை. முன் பெஞ்சு நண்பனின் தந்தை வங்கி அலுவலர். அடுத்தவனின் தாயார் ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றுவது போல, வீட்டின் கரியையும் மணலையும் கழற்றி வைத்துவிட்டு வருவதுதான் படிப்பு என்று எண்ணியிருந்தேன். என்னைப் போல் எழுதியவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேரோ! தறி ஓட்டுபவர், சாயப்பட்டறையில் நிற்பவர், லேத்தில் கடைபவர் வீட்டுப் பிள்ளைகள் நம்மிடையே இல்லையா?

பள்ளிப் படிப்பை முடிக்காத ஜி.டி. நாயுடு (1893–1974) அவர்களை நம் பேச்சுப் போட்டிகளில் புகழாத ஆண்டில்லை. கலங்கலில் பிறந்தவர், கையால் கற்றவர், மின்சவரக் கத்தி செய்தவர் என்று கைதட்டல் வாங்குகிறோம். போட்டி முடிந்து இறங்கியதும், கையால் கற்ற நம் தந்தையின் தொழிலை விண்ணப்பத்தில் மறைக்கிறோம். கணபதியிலும் பீளமேட்டிலும் சிட்கோவிலும் வார்க்கும் பம்பு உடல்கள்தாமே இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை?

இதை ஒரு பேராசிரியரிடம் சொன்னபோது, “அதற்குத்தான் ஐ.டி.ஐ. இருக்கிறதே தம்பி, நாம் பட்டப் படிப்பு அல்லவா?” என்றார். அன்போடுதான் சொன்னார். ஆயினும் நான் உடன்படவில்லை. ஐ.டி.ஐ.யில் சரிவும் காற்றுக் குத்தும் சொல்லித்தருவார்கள். 172க்கு 36 என்பதைச் சொல்லமாட்டார்கள். இங்கே 172க்கு 36 சொல்கிறோம். ஒரு சொட்டு விட்டுப் பார் என்று சொல்வதில்லை. இரண்டும் ஒரே அச்சின் இரு பாதி. பொருந்தாத இடத்தில்தான் ஈயம் தெறிக்கிறது.

என் யோசனை பெரிதன்று. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, இரண்டாம் ஆண்டு வேதியியல் செய்முறை வகுப்பைப் பாரிஸ் சாந்துக்கு ஒதுக்க வேண்டும். காலையில் ஜிப்சத்தைச் சூடாக்கி அதன் படிக நீரைக் கணக்கிடலாம். பின்னர் வெவ்வேறு அளவு நீரில் சாந்து கலந்து எது வலியது, எது அதிகம் உறிஞ்சுகிறது என்று பார்க்கலாம். சிறிது உப்புச் சேர்த்தால் விரைவில் இறுகுவதையும், வினிகர் சேர்த்தால் தாமதமாவதையும் கடிகாரம் வைத்துக் குறிக்கலாம். எலும்பு முறிவுக் கட்டும் பல் மருத்துவரின் மாதிரியும் இதே பொருளால் ஆனவை. விநாயகர் சதுர்த்திச் சிலைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் நெறிமுறை வகுத்தது ஏன் என்பதும் அன்று விளங்கிவிடும்: ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராம் அளவே கரையும் பொருள் குளத்தில் எப்படிக் கரையும்? என் உடைந்த அச்சுகளை நானும் குளத்தில் எறியவில்லை. மாடிச் சுவரோரம் குவிந்து, அம்மாவிடம் திட்டு வாங்கித் தருகின்றன.

பிற்பகல் ஒரு மோல்டரை அழைக்க வேண்டும். என் தந்தையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் வரமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். யாரை அழைத்தாலும் சால்வை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், வரவேற்புரை வேண்டவே வேண்டாம். ஒரு ஷிப்டை விட்டுவிட்டு வருகிறவருக்கு அன்றைய கூலியைக் கல்லூரி தரவேண்டும். விரிவுரை ஆற்ற வருகிற விருந்தினருக்கு மதிப்பூதியம் தருகிறோம் அல்லவா? அதே கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

தவளையின் கதி என்ன என்று கேட்பீர்கள். ஈயத்தை அதோடு விட்டுவிட்டேன். வெடிப்புக்கு அஞ்சி மட்டுமன்று, ஈயம் நஞ்சு. பெட்ரோலிலிருந்து 2000ஆம் ஆண்டில் அதை இந்தியாவில் அகற்றினார்கள். தூண்டில் ஈயக்குண்டை விழுங்கி அன்னப் பறவைகள் செத்ததால் பிரிட்டனில் 1987இலேயே சிறு ஈயக்குண்டுகளைத் தடுத்தார்கள். நம் குளங்களுக்கும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் வருகின்றன. ஆகையால் வயிற்றில் இப்போது இரும்பு வாஷர் இருக்கிறது. ஏழு தவளை செய்ததில் மூன்று நேராக மிதக்கின்றன. ஒன்றில் பட்டறை அண்ணன் முக்கால் கிலோ விரால் பிடித்தார். குஞ்சுக் கூட்டத்தின்மேல் வீசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே அதைக் கொடுத்தேன். விரால் தாயும் தந்தையும் குஞ்சுகளைக் காத்து நிற்கும்போது எதைக் கண்டாலும் பாயும், அப்போது பிடிப்பது வீரமில்லை. வெயிலில் கிடந்தால் ரப்பர் பிசுபிசுக்கிறது. கறுப்புச் சாயம் கலந்து பார்க்க எண்ணம்.

சனிக்கிழமைக்கு வேண்டியவை பத்துக் கிலோ சாந்து மாவும் பழைய வாளிகளும்தான். மீந்த சாந்தைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். அதை ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.